முப்பத்தொரு மாதக் குத்தகை

மாதம் தொண்ணூற்றொன்பது.
பெரிதாகத் தெரியாத தொகை.
நீடாமங்கலம் கேட்டில் ரயிலுக்காக நாலு தரம் நின்றால்
வெள்ளரிப்பிஞ்சுக்கே போய்விடும்.

நேற்று விடியற்காலை மூன்று மணி.
அமெரிக்காவில் யாரோ ஒருவரின் முழங்கால் அறுவைக்கு
நான் குறியீடு போட்டுக்கொண்டிருக்கையில்
பெட்டி சிவப்பாய்ச் சிமிட்டி நின்றது.
அணைத்தேன். பத்து எண்ணிவிட்டுப் போடவேண்டும்.
எண்ணும்போதே கணக்கும் ஓடியது:
முப்பத்தொரு மாதம்,
மூவாயிரத்து அறுபத்தொன்பது,
வரி தனி.
ஏழிலா எட்டிலா, எதில் விட்டேன்?
மறுபடி ஒன்றிலிருந்து.

குத்தகை என்றால் என்னவென்று
இந்த ஊரில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
கோயில் நிலத்துக்கு அப்பா கட்டிய ரசீதுகள்
இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன.
நிலமாவது நெல் கொடுத்தது என்று எழுத வந்தேன்.
இதுவும் சம்பளம் கொடுத்தது,
பொய் சொல்லக் கூடாது.

"சொந்தமா வாங்குனா, கெட்டா ஒங்க பாடுக்கா.
வாடகைன்னா ஒரு போன், வந்து மாத்திடுவேன்,"
என்றான் சிராஜுதீன்.
வந்திருக்கிறான்தான்.
போன ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில்
பைக்கைத் தள்ளிக்கொண்டு,
புதுப் பெட்டியைத் தலைக்கவசத்துக்குள் வைத்து.
அதற்கு என்ன விலை போடுவது?
தாளில் ஒரு கோடு இழுத்துக்
காலியாக விட்டேன்.

மன்னார்குடிக் கடையில் ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
நாலு கொம்பு. மூன்று வருஷ உத்தரவாதம்,
இடி விழுந்தால் செல்லாது.
கண்ணாடி இழை வந்து இறங்கும் சின்னப் பெட்டியை மட்டும்
கம்பெனி விற்காதாம்.
சரி. மதகு அவர்களுடையது,
வாய்க்கால் என்னுடையது.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது:
வாடகை ஒப்பந்தம், ஏழாவது வரி.
அரிசி டிரம் மேல் வைத்துப் பார்த்தேன்.
எவர்சில்வர். பாதியை அதுவே குடித்துவிட்டது.
சமையலறையில் மூன்று கோடு,
மேசையில் இரண்டு,
கட்டில் முனைக்கு ஒன்று வந்தால் உண்டு.
கடைசியில் பாவாடை நாடாவால்
ஜன்னல் கம்பியில் கட்டினேன்.
என் பேரில் நான் வாங்கிய முதல் சொத்து
தூக்குவாளி மாதிரித் தொங்குகிறது.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு புள்ளி நூற்று அறுபத்தெட்டு.
சர்வே எண் தட்டுவதுபோலத் தட்டினேன்.
பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின்.
யார் வேண்டுமானாலும் உழலாம் என்று கிடந்தது.
மாற்றினேன்.
இரண்டே நிமிஷத்தில் பட்டா,
கையில் எதுவும் திணிக்காமல்.
இணைப்புக்குக் 'கடைமடை' என்று பெயர்.

பழைய பெட்டியின் முதுகுத் துளையில்
ஊக்கு முனையை வைத்துப் பத்து நொடி அழுத்தினேன்.
எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து,
என்னை மறந்தது.
சிராஜுதீன் அதைத் துணிப்பையில் போட்டான்.
நாளைக்கு வலங்கைமானில் ஒரு வீடு.
"தொடச்சு வச்சிருக்கீங்களேக்கா," என்றான்.

வீட்டுக்காரர் அகோரமூர்த்தி மறுநாள் படியேறி வந்தார்.
ஏழாவது வரியைச் சுவர் சுவராகத் தேடினார்.
ஆணி இல்லை.
நாடாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.
"கடைமடைன்னு போன்ல காட்டுது. அது நீதானா?
சாயங்காலம் மட்டும் கொஞ்சம்..."

முறை வைத்தேன்.
விருந்தினர் இணைப்பு, ஆறு முதல் பத்து.
பத்து அடித்ததும் பலகையை இறக்கிவிடுவேன்.
கீழே சீரியல் பாதி வசனத்தில் நிற்கும்,
மேலே என் இரவு தொடங்கும்.

ஒன்றாம் தேதி
ஐயாயிரத்துக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று கொடுத்தேன்.
இரண்டு தரம் எண்ணினார்.
ஒற்றை ரூபாயை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார்.
"என்னம்மா இது?"
"குத்தகை கழிச்சிருக்கேன்."
வெகுநேரம் படியிலேயே நின்றார்.
"கெட்டுப்போனா?"
"ஒரு போன் போடுங்க சார்,
எறங்கி வர்றேன்."